கட்டுரையும் கணிப்பொறியும்

எழுதுகருவி மாறுந்தோறும் எழுதக் கற்பிக்கும் முறையும் மாறி வந்துள்ளது. திருச்சிராப்பள்ளியில் பல்லாண்டு தமிழ் கற்பித்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) செய்யுளை வாயாற் சொல்லிக்கொண்டே போவார். மாணாக்கர் அதனை ஓலையில் எழுத்தாணியாற் பொறிப்பர். ஓலையிற் கீறிய எழுத்தை அழித்தல் எளிதன்று. ஆதலின், சொல் நெஞ்சில் உருப்பெற்ற பின்னரே கை ஓடிற்று. பின்னர்த் தாளும் மையும் வந்தன. அடித்தலும் திருத்தலும் எளியவாயின. மாணவன் அடித்த சொல்லையும் அதன்மேல் எழுதிய சொல்லையும் ஒருங்கே கண்டு, அவன் எண்ணம் எங்கே தடுமாறிற்று என்பதை ஆசிரியர் அறிந்தார். எனக்குச் செம்படியைவிட அடித்தல் நிறைந்த முதற்படியே என்றும் இனித்தது.

கணிப்பொறி அத்தடத்தை மறைத்துவிட்டது. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டரசு ஏற்றுக்கொண்ட ‘தமிழ்99’ விசைப்பலகையில் ககர விசையை இருமுறை தட்டினால், முன்னதற்குப் புள்ளி தானே அமையும். நல்ல வசதியே, பழித்தற்கில்லை. எங்கே வல்லினம் மிகும் என்னும் அறிவு மட்டும் தட்டுவோனிடமே இருத்தல் வேண்டும்.

2022 நவம்பரில் ‘சாட்ஜிபிடி’ பொதுமக்கட்குத் திறந்துவிடப்பட்டது முதல் நிலை வேறாயிற்று. தலைப்பைக் கொடுத்தால் கட்டுரையே வந்துவிடுகிறது. மாணவர்களே, இத்தகைய பொறி எவ்வாறு எழுதுகிறது என்பதை அறிதல் வேண்டும். முன்னரே எழுதப்பட்ட அளவிறந்த பக்கங்களில் எச்சொல்லை அடுத்து எச்சொல் வருதல் பெரும்பான்மை என்பதைப் பயின்று, அப்பயிற்சியால் அது சொற்களைத் தொடுத்துச் செல்கிறது. சொன்னது மெய்யோ என்று ஊருக்குச் சென்று பார்த்துவர அதற்குக் காலில்லை.

யான் ஓய்வு பெற்ற பின்னர், ஒரு கல்லூரியில் முதலாண்டு மாணவர்க்குச் சில காலம் கட்டுரைப் பயிற்சி அளித்தேன். ‘எங்கள் ஊர்’ என்னும் தலைப்பில், துறையூரைச் சேர்ந்த மாணவன் ஒருவன் பிழையற்ற நடையில் ஒரு கட்டுரை தந்தான். ‘காவிரித்தாய் வளங்கொழிக்கப் பாயும் துறையூர்’ என்று அது தொடங்கிற்று. துறையூரோ பச்சைமலையை அடுத்தது; காவிரி தெற்கே நெடுந்தொலைவில், முசிறி, திருவரங்கம் வழியே செல்வது. திருச்சிராப்பள்ளி மாவட்டம் என்றவுடன் காவிரியும், துறை என்றவுடன் ஆறும் பொறிக்குத் தோன்றின போலும்!

“தம்பி, உங்கள் நிலத்திற்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?” என்று வினவினேன்.

“கிணற்றிலிருந்து, ஐயா.”

“யார் வெட்டிய கிணறு?”

“என் பாட்டனார் வெட்டியது. பாறை கண்டதால் மூன்று கோடை ஆயிற்று என்பார்கள்.”

“இக்கட்டுரையில் காவிரி பாய்கின்றதே, அவர் எதற்காக வெட்டினார்?”

அவன் தலைகுனிந்து நின்றான். கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. பொய் சொல்ல எண்ணியவன் அல்லன் அவன். தன் தமிழ் அழகிதன்று என அஞ்சியவன். அவ்வச்சத்தை நீக்குவதே கட்டுரை ஆசிரியரின் முதற்பணி என்பது என் கருத்து. செம்படிக்கு மட்டும் மதிப்பெண் அளிக்கும் வழக்கமோ அதனை வளர்க்கும்.

அடுத்த வகுப்பில் எல்லாரையும் முதற்படியைக் கையால் எழுதச் செய்தேன். பின்னர்ப் பொறியின் கட்டுரையை அருகில் வைத்து, ‘இது யார் சொல்லக் கேட்டது? எங்கே கண்டது?’ என வரிதோறும் வினவச் செய்தேன். இது புதிய முறையன்று. பிள்ளையவர்களின் மாணாக்கரும் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியருமான உ. வே. சாமிநாதையர், 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, ஓர் ஏட்டை மட்டும் நம்பாது பல ஏடுகளை ஒப்புநோக்கினார். ஏடெழுதினோர் கைப்பிழை எது, நூலாசிரியர் வாக்கு எது எனப் பகுத்துக் காணும் பேருழைப்பு அது.

இரு வாரம் கழித்து அம்மாணவன் புதிய கட்டுரை கொணர்ந்தான். பழையதிற் பாதியளவே இருந்தது. சந்திப்பிழை ஏழு. ஆனால், வெடிவைத்து உடைத்த பாறை, கமலை இழுத்த எருதுகள், மின்மோட்டார் வந்த காலம், அதன்பின் நீர் கீழிறங்கிய செய்தி ஆகியவற்றைப் பாட்டியாரிடம் கேட்டு எழுதியிருந்தான். கிணற்றின் ஆழத்தை அறியக் கயிற்றிற் கல்லைக் கட்டி இறக்கினானாம். முதற்படியில் ‘அறுபது அடி’ என்று எழுதி, அதனை அடித்து, ‘அறுபத்து நான்கு அடி’ எனத் திருத்தியிருந்தான்.