பொதுவில் இருப்பது எதுவரை

சிவகிரி

அன்புள்ள மருமகனுக்கு,

காசு கொடுத்து வாங்கிய அடுக்கக வீட்டில் சங்கம் எதற்குச் சட்டம் போட வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். உன் கிரயப் பத்திரத்தை ஒருமுறை நிதானமாகப் படி. சுவர்களுக்கு உள்ளே இருப்பதுதான் உனக்குத் தனியாக எழுதித் தந்தது. நிலத்தில் உனக்குள்ளது பிரிபடாத பாகம். மொட்டைமாடி, லிஃப்ட், போர்வெல் எல்லாம் பொது. நம் பக்கத்துக் குளத்துப் பாசனத்தில் வயல் அவரவருக்கு, மடை ஊருக்கு. மேல்மடைக்காரன் முறை தப்பினால் கடைமடை காயும். அதுபோலச் சங்க விதிகளுக்கும் அதிகாரம் பொதுவில் இருப்பதிலிருந்தே வருகிறது. ஆகவே தண்ணீர், குப்பை, வண்டி நிறுத்துவதில் முறை தப்பாதே. கோபத்தில் மெயின்டனன்ஸ் கட்டாமல் நிறுத்தினால் முதலில் அடிபடுவது காவலாளியின் சம்பளம்.

அப்படியானால் பெரும்பான்மை சொல்வதெல்லாம் சட்டமா என்பாய். இல்லை. எத்தனை பேர் கை தூக்கினாலும் வீட்டில் நாய் வளர்ப்பதைச் சங்கம் தடைசெய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனால் வாரியமும் நீதிமன்றமும் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடாதே. பார்சிகள் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற அகமதாபாத் வீட்டுவசதிச் சங்கத்தின் விதி செல்லும் என்று 2005இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அதை என் மனம் ஏற்கவில்லை. யார் அண்டை வீட்டுக்காரராக வரலாம் என்பது மடைத் தண்ணீர்போலப் பொதுச் சொத்து ஆகாது. தனியாக வாழும் பெண்ணுக்கோ கறி சமைப்பவருக்கோ வாடகைக்கு விடக்கூடாது என்று தீர்மானம் வந்தால், அது உன்னைத் தொடாவிட்டாலும் எழுந்து மறுத்துப் பேசு. மறுப்பை மினிட்ஸ் புத்தகத்தில் பதியச் சொல்.

வேலைக்கு நடுவே கூட்டத்துக்குப் போக நேரமில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த நம் மாநிலத்தின் புதிய அடுக்ககச் சட்டப்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் கட்டடத்தையே இடித்துக் கட்டலாம். அவ்வளவு பெரிய முடிவு எடுக்கும் இடத்தில் நீ இல்லாமல் இருக்கலாமா? உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்து 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு, ஊர் வாரியத்தில் பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் குடவோலைத் தேர்தலுக்கே தகுதியற்றவர் என்று விலக்கியது. அந்தக் கண்டிப்பு உங்கள் சங்கத்துக்கும் வேண்டும். பொதுக்குழுவுக்கு முன்பே தணிக்கை அறிக்கையை எழுத்தில் கேள். கார்பஸ் ஃபண்ட் எந்த வங்கியில், யார் கையெழுத்தில் இருக்கிறது என்று கேள். பதில் வராவிட்டால் அடுத்த தேர்தலில் நீயே பொருளாளர் பதவிக்கு நில்.

அன்புடன்,
மாமா