பல் அடைக்க நானோ வேண்டுமா?

கேள்வி: சொத்தைப்பல்லை அடைக்கப் போனால், 'நானோ' வைக்கட்டுமா என்கிறார்கள். விலை கூடுதல். அவ்வளவு உசத்தியா?
– ஒரு வாசகி, உத்திரமேரூர்

பதில்: வெறும் விளம்பர வார்த்தை இல்லை. பல் நிறத்தில் அடைக்கும் காம்போசிட் என்பது பிசினும் கண்ணாடித் தூளும் கலந்தது. தூள் பருமனாக இருந்தால் நாளடைவில் உதிர்ந்து, மேற்பரப்பு சொரசொரப்பாகி மங்கிவிடும். 2002 வாக்கில் சந்தைக்கு வந்த நானோ ரகத்தில் சிலிக்காத் துகள் சுமார் 20 நானோமீட்டர்தான். தலைமுடியின் பருமனில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு. மெருகு நெடுநாள் நிற்கும். முன்பல்லுக்கு அது அழகு.

ஆனால் நீல ஒளி பட்டு இறுகும்போது பிசின் சுருங்கும். நானோ வந்தும் அந்தக் குணம் முழுதாகப் போகவில்லை. ஓரத்தில் இடுக்கு விழுந்தால் மறுபடி சொத்தைதான். எச்சில் படாமல், அடுக்கடுக்காக வைக்கிற கைதான் முக்கியம். கடைவாய்ப்பல்லா? சாதாரண காம்போசிட்டே போதும் என்பேன்.