ஆங்கிலச் சொல் விளக்கம்: ‘விசிட்’

சென்ற மாதம் பொந்தியானில் நம் அங்கத்தினர் ஒருவர், ஊரிலிருந்து வந்திருந்த தம் தங்கை மகனின் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து காட்டினார். “விசிட் என்றால் வந்து போவதுதானே? இருக்கிற நாளில் பையன் கல்லாவில் உட்கார்ந்தால் என்ன?” என்பது அவர் கேள்வி. கேள்வி சிறிது, ஆனால் தவறாக விடை கண்டால் கடைக்கே ஆபத்து. ஆகவே இச்சொல்லைச் சற்று நின்று ஆராய்வோம்.

‘பார்த்தல்’ என்னும் பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து பிறந்தது விசிட். ‘விசா’வும் அதே வேரினதுதான், அதிகாரி ‘பார்த்த’ தாள் என்பது கருத்து. நம் தமிழும் இவ்வாறே. நோயாளியைப் ‘பார்க்க’ப் போகிறோம், உறவினரைப் ‘பார்த்துவிட்டு’ வருகிறோம். மலாய்க்காரர் பெருநாளன்று உறவினர் வீட்டுக்குப் போவதையும் ‘ஜியாரா’ என்பர். நாமோ ‘ஜியாரத்’ என்பதைப் பெரும்பாலும் கபுருகளுக்கும் தர்காக்களுக்கும் என்றே ஒதுக்கிவிட்டோம். சர்க்கார் தாள்களில் வருவது வேறு சொல்: ‘லாவாத்தான்’. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் விசிட்தான்.

வியாபாரக் கடிதத்தில் நம்மவர் செய்யும் பிழை ஒன்று உண்டு. ‘வீ வில் விசிட் டு யுவர் ஷாப்’ என்று எழுதுகிறார்கள். வினையாக வரும்போது ‘டு’ வேண்டாம்; ‘வீ வில் விசிட் யுவர் ஷாப்’ போதும். பெயராக வந்தால் ‘அவர் விசிட் டு யுவர் ஷாப்’ என்பதே சரி. ‘பே எ விசிட்’ என்பதில் பணம் கிடையாது. முன்பு நம்மிடமிருந்த கணக்கப்பிள்ளை ஒருவர் அந்தப் ‘பே’யைக் கண்டு, எவ்வளவு பாக்கி என்று பேரேட்டைப் புரட்டியதுண்டு! கம்பீரமாக இருக்கிறதென்று ‘விசிட்டேஷன்’ என்று எழுதிவிடவும் கூடாது. அது மேலதிகாரியின் சோதனையையும், வந்திறங்கும் துன்பத்தையும் குறிக்கும்.

இனி அங்கத்தினரின் கேள்விக்கு வருவோம். பாஸில் ‘விசிட்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், அடுத்துள்ள சொல்லையும் படிக்க வேண்டும். ‘பாஸ் லாவாத்தான் சோசியல்’ என்றால் உறவினரைப் பார்க்கலாம், ஊர் சுற்றலாம். வியாபாரப் பேச்சு நடத்தலாம், தொழிற்சாலையைப் பார்வையிடலாம், கம்பெனிக் கணக்கைத் தணிக்கை செய்யலாம், ஒப்பந்தத்தில் கையெழுத்தும் இடலாம். ஆகவே சென்னையிலிருந்து சரக்கு அனுப்புபவர் வந்து நம்மோடு விலை பேசுவதில் குற்றமில்லை. வேலை செய்வதற்குத்தான் இடமில்லை. சொந்த மாமா கடையானாலும், சம்பளத்துக்குப் பதில் சாப்பாடே போட்டாலும், கல்லா கல்லாதான். ‘பாஸ் லாவாத்தான் கெர்ஜா செமெந்தாரா’ என்பதும் விசிட் பாஸ்தான். ஆனால் அது தற்காலிக வேலைக்கானது. அதிலும் அனுமதி பெற்ற முதலாளியிடம், குறித்த துறையில் மட்டுமே வேலை.

2023 டிசம்பர் 1 முதல் இந்தியப் பிரஜைகளுக்கு 30 நாள் வரை விசா விலக்கு அளிக்கப்பட்டதிலிருந்து இந்தக் குழப்பம் கூடியிருக்கிறது. நீங்கியது விசாவே தவிர, விசிட்டுக்குரிய நிபந்தனைகள் அல்ல. நிபந்தனையை மீறினால் வந்தவருக்குத் தண்டனை உண்டு. செல்லுபடியான பாஸ் இல்லாதவரை வேலைக்கு வைக்கும் முதலாளிக்கோ, 1959/63 ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டத்தின் 55பி பிரிவின்படி ஆள் ஒன்றுக்கு 10,000 வெள்ளி முதல் 50,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. எத்தனை நாள் வியாபாரத்தில் அதை ஈடுகட்டுவது?

அங்கத்தினர் பாஸ்போர்ட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் பையனைக் குக்குப்புக்கும், ஆசியப் பெருநிலத்தின் தென்கோடியான தஞ்சோங் பியாய்க்கும் அழைத்துப் போனார். கல்லாவில் வழக்கம்போல் அவரே உட்காருகிறார்.