மேனாட்டுப் பல்லியத்தில் முரசறைவோன்

பல இசைக்கருவிகள் ஒருங்கே முழங்குவதைப் பல்லியம் என்றனர் நம் முன்னோர். மேனாட்டுப் பல்லியத்தைக் காண்போர் கண்ணில் முதலிற் படுவோர் வயலின் வாசிப்போரும், அவர்முன் கோலேந்தி நிற்கும் நடத்துநருமாவர். எல்லார்க்கும் பின்னே, செப்புக் கொப்பரைகள் சிலவற்றின் நடுவே, நெடும்பொழுது வாளாவிருக்கும் ஒருவனைப் பலர் நோக்குவதில்லை. அவனே திம்பனி என்னும் முரசினை அறைவோன். அவன் தொழிலின் இயல்பை மாணவர் அறிதல் நன்று.

திம்பனியின் மூதாதை மேலைத்தேயத்திற் பிறந்ததன்று. அரபு நாட்டாரும் துருக்கியரும் குதிரைமேலும் ஒட்டகத்தின்மேலும் ஏற்றி முழக்கிய போர்முரசே அது. ஐரோப்பாவிலும் முதலிற் குதிரைப்படைக்கும் அரசவைக்கும் உரியதாய் எக்காளத்தோடு இணைந்து நின்றது. 17ஆம் நூற்றாண்டிலேதான் பல்லியத்துள் நிலையான இடம் பெற்றது. லல்லி 1675இல் அரங்கேற்றிய 'தெசே' என்னும் இசைநாடகம் அதனை ஏற்ற முன்னோடிகளுள் ஒன்று.

போர்க்களத்து முரசு இசையரங்கிற் புகுந்ததற்குக் காரணம் யாது? அது திட்டமான சுருதியில் ஒலிக்க வல்லது என்பதே. கொப்பரையின் வாயிற் போர்த்த தோலை இறுக்கச் சுருதி உயரும், தளர்த்தத் தாழும். நடுவில் அடித்தால் மந்தமான ஓசையே பிறக்கும். விளிம்பிலிருந்து ஏறக்குறைய நாலிலொரு பங்கு உள்ளே அடித்தாற் சுருதி தெளிவாகக் கேட்கும். நம் மிருதங்கத்தின் வலந்தலையிற் பூசிய கரணை, தோலின் அதிர்வுகளை ஒன்றோடொன்று இசையச் செய்வதைச் சி. வி. இராமன் ஆராய்ந்து 1934இல் விரிவாக எழுதினார். திம்பனியிற் கரணை இல்லை. தோலோடு உடனசையும் காற்றே அவ்வேலையிற் பெரும்பங்கு கொள்கின்றது.

மிருதங்கத்திற்கும் திம்பனிக்கும் வேறுபாடு ஒன்றுண்டு. நம் கச்சேரியில் ஆதார ஷட்ஜம் இறுதிவரை மாறாது நிற்கும். மேனாட்டிசையிலோ ஆதாரமே இடையிடையே பெயரும். அதனுடன் முரசின் சுருதியும் பெயரவேண்டும். முற்காலத்தில் இரண்டு முரசுகளே இருந்தன. அவை பெரும்பாலும் ஷட்ஜத்திலும் பஞ்சமத்திலும் சேர்க்கப்பட்டன. 1881இல் திறெஸ்டன் நகரில் மிதியால் இயங்கும் முரசு திருத்தமுற்றபின், சுருதியை விரைந்து மாற்றுதல் எளிதாயிற்று. இன்று நான்கு அல்லது ஐந்து முரசுகள் வைப்பது வழக்கம்.

எனினும் மிதி காதுக்கு ஈடாகாது. சூழவுள்ளோர் யாவரும் ஓர் ஆதாரத்தில் முழங்குகையில், அடுத்து வரவிருக்கும் ஆதாரத்தைத் தன் மனத்தில் நிறுத்தி, தோலருகே செவியைத் தாழ்த்தி, விரலால் மெல்லத் தொட்டு, அவையோர் அறியாவண்ணம் அவன் சுருதி சேர்க்கவேண்டும். அதே வேளையில் தாளவட்டங்களை எண்ணுதலும் தவறலாகாது. வயலின் வாசிப்போர் பலருள் ஒருவர் பிழைத்தால் மற்றையோர் ஒலியில் அது மறையக்கூடும். முரசின் பிழையை மறைப்பார் எவருமிலர். சுருதி கெட்ட ஓரடி அடித்தளத்தையே குலைக்கும். காலங்கெட்ட ஓரடி குழு முழுவதையும் தடுமாறச் செய்யும். அடித்த ஒலியை உரிய கணத்தில் விரல்களால் அமர்த்துவதும் அவன் கலையே.

பெரும்புலவர்கள் இம்முரசினிடம் ஒப்படைத்தவற்றைக் கண்டால் அதன் பெருமை விளங்கும். பாக் 1734இல் இயற்றிய கிறித்துபிறப்பு இசைத்தொகுதியும், 1795இல் இலண்டனில் அரங்கேறிய ஹெய்டனின் 103ஆம் சிம்பொனியும் முரசொலியுடனேயே தொடங்குகின்றன. பீதோவன் 1806இல் இயற்றிய வயலின் கொன்சேட்டோவின் தொடக்கத்தில் முரசு தனித்து மெல்ல நான்கு முறை ஒலிக்கின்றது. அந்நான்கடிகளின் நடையே பின்னர் ஏனைய கருவிகளிலும் புகுந்து முதற்பகுதி முழுவதையும் பிணைக்கின்றது. 1824இல் அரங்கேறிய தம் ஒன்பதாம் சிம்பொனியின் இரண்டாம் பகுதியில், அவர் பழைய வழக்கை விடுத்து, இரு முரசுகளையும் ஒரே சுரத்தின் கீழ்த்தாயியிலும் மேற்றாயியிலும் சேர்த்தார். 1876இல் அரங்கேறிய பிராம்சின் முதற் சிம்பொனியிலோ, தொடக்கத்தில் இடையறாது ஒலிக்கும் முரசு நம் ஆதார சுருதிபோல் அனைத்தையும் தாங்குகின்றது.

ஆகவே முரசறைவோன் ஆரவாரத்திற்கென அமர்த்தப்பட்டவனல்லன். சுருதிக்கும் காலத்திற்கும் காவலாய் நிற்பவன் அவன். அவன் அடிக்கும் அடிகள் சில. அவற்றிற்காகக் காத்திருக்கும் வேளை பெரிது. அவ்வேளை ஓய்வன்று, கேட்டலும் எண்ணலும் ஆயத்தமுமாகும். ஒரு கழகமோ கல்லூரியோ சிறப்பதும், முன்னிற்போரால் மட்டுமன்று. தன் முறை வருமளவும் விழித்திருந்து, வந்தபோது வழுவாது செய்வோர் பின்வரிசையில் இருத்தலாலுமாம்.