கத்தரி வைக்கும் தம்பி, தங்கைகளுக்கு

அரை ஏக்கர், ஒரு ஏக்கரில் புதிதாகக் கத்தரி போடுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "என்ன மருந்து அடிக்கலாம் ஐயா?" என்றுதான். நான் மருந்தைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குமுன் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன.

1. புழுவின் பிழைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். கத்தரியைக் கெடுப்பதில் முதலாவது தண்டு, காய்ப்புழு. தாய் அந்துப்பூச்சி இலையடியிலும் குருத்திலும் மொட்டிலும் முட்டை வைக்கும். பொரித்த புழு சில மணி நேரத்துக்குள் குருத்தையோ காயையோ துளைத்து உள்ளே போய்விடும். நுழைந்த துளையும் தூர்ந்துபோகும். அதற்குப் பிறகு எத்தனை டேங்க் அடித்தாலும் மருந்து அதன்மேல் படாது. வாரம் தவறாமல் அடித்தும் மண்டியில் சொத்தை என்று கழிப்பதற்குக் காரணம் இதுதான்.

2. தினமும் காலையில் பாருக்குள் இறங்கி நடங்கள். வரப்பில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. செடி தெம்பாக நிற்க, ஒரு குருத்து மட்டும் தலை தொங்கியிருந்தால் உள்ளே புழு இருக்கிறது. தொங்கும் இடத்துக்கு ஓரங்குலம் கீழே கிள்ளிப் பிளந்து பாருங்கள். வெளிர் ரோஜா நிறத்தில் நெளியும். கிள்ளியதைப் பாத்தியில் போடாமல் பையில் சேர்த்து எரித்துவிடுங்கள். சொத்தைக் காய்க்கும் இதேதான். பறிக்கும்போது சொத்தையை வரப்பில் வீசுவது நம் பழக்கமாகிவிட்டது. வீசிய காயிலிருந்து இறங்கும் புழு சருகுக்குள் கூடு கட்டி, அந்தாகி, உங்கள் செடிக்கே திரும்பி வரும். கூலி கொடுத்து அடிக்கும் இரண்டு தெளிப்பைவிட இந்தக் கிள்ளல் பெரிது என்பது என் உறுதியான எண்ணம்.

3. பழைய கத்தரி மிளாரை விறகுக்கென்று வேலியோரம் அடுக்காதீர்கள்; கூட்டுப்புழு அதில் ஒட்டியிருக்கும். கத்தரி எடுத்த நிலத்தில் மறுபடி கத்தரியோ தக்காளியோ வேண்டாம். வெங்காயம், சோளம், பயறு என்று மாற்றுங்கள்.

4. கண்ணில் பட்ட வண்டையெல்லாம் நசுக்காதீர்கள். இலைப் பச்சையைச் சுரண்டி வலை போல நரம்பை மட்டும் விட்டுவைக்கும் புள்ளி வண்டு மங்கலாக இருக்கும்; அதன் புழு மஞ்சளாக, உடம்பெல்லாம் முள்ளாக இலையடியில் ஒட்டியிருக்கும். அதைப் பொறுக்கி அழியுங்கள். பொறிவண்டு பளபளக்கும். அதன் புழு கறுத்து நீண்டு, குட்டி முதலை மாதிரி இலைமேல் ஓடும். அசுவினியைத் தின்று தீர்ப்பது அதுதான். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர் கையில் தெளிப்பானைக் கொடுக்கக் கூடாது.

5. இனக்கவர்ச்சிப் பொறி ஏக்கருக்கு 5 வையுங்கள். செடி வளர வளரப் பொறியையும் உயர்த்துங்கள். கவர்ச்சிக் குப்பியைக் கெடு தாண்டாமல் மாற்றுங்கள். அதில் விழுவது ஆண் அந்து மட்டுமே. முட்டையிடும் தாய் பக்கத்துக் காட்டிலிருந்து பறந்து வரும். அதனால் அக்கம்பக்கத்துக்காரரையும் சேர்த்துக்கொண்டு ஒரே சமயத்தில் செய்யுங்கள். வெள்ளை ஈ, தத்துப்பூச்சி வருகிறதா என்று பார்க்க மஞ்சள் ஒட்டு அட்டை போதும்.

6. வேப்பங்கொட்டைக் கரைசலை நீங்களே தயாரியுங்கள். 5 கிலோ பருப்பை இடித்து, 10 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவையுங்கள். காலையில் பால் மாதிரி வெளுக்கும்வரை கலக்கி, காடாத் துணியை இரண்டாக மடித்து வடிகட்டி, 100 லிட்டராக்குங்கள். இலையில் ஒட்ட சோப்பைக் கரைத்துச் சேருங்கள். வெயில் பட்டால் வீரியம் போய்விடும்; அன்றன்றைக்குக் கலக்கி, பொழுது சாய்ந்தபின் இலையடி நனைய அடியுங்கள். ஆண்டுக்கணக்கில் கிடந்த கொட்டை உதவாது. மறுநாளே புழு செத்து விழவில்லையே என்று கைவிடாதீர்கள். தின்பதையும் முட்டை வைப்பதையும் தடுப்பதும், புழுவை வளரவிடாமல் செய்வதும்தான் வேம்பின் வேலை.

7. இத்தனைக்கும் அடங்காவிட்டால் மருந்து. பாதித்த குருத்தைக் கையோடு எடுத்துப்போய் வேளாண் அலுவலரிடம் காட்டிக் கேளுங்கள். இரண்டு மூன்றைக் கலந்து அடிக்காதீர்கள். ஒரே வகையைத் திரும்பத் திரும்ப அடித்தால் புழு பழகிவிடும். பைரித்ராய்டு வகை நல்ல பூச்சிகளைக் கொன்றுவிடுவதால் பின்னாலேயே சிலந்திப்பேன் பெருகும். டப்பாவில் சிவப்பு முக்கோணம் இருந்தால் கடும் விஷம், காய்கறிக்கு வேண்டாம். மோனோகுரோட்டோபாஸைக் காய்கறியில் அடிக்க 2005-லேயே தடை வந்துவிட்டது. யார் சொன்னாலும் தொடாதீர்கள்.

8. அடித்த தேதியைச் சுவரிலாவது எழுதிவையுங்கள். எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று டப்பாவிலேயே போட்டிருக்கும். நாளைக்கு விலை இறங்கிவிடும் என்று மண்டியிலிருந்து போன் வந்தாலும் அந்தக் கெடு முடியும்முன் ஒரு காயும் பறிக்காதீர்கள். வீட்டுக்கென்று மருந்தடிக்காத தனிவரிசை வைத்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தோட்டம் முழுவதையும் அந்த வரிசையாக நினைத்து வளர்க்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.