தங்கக் கடத்தல் தடுப்புச் சட்டங்களும் பொற்கொல்லர் தொழிலும்

முன்னுரை

சுங்கத்தைப் பழந்தமிழ் 'உல்கு' என்று குறித்தது. திருக்குறளின் பொருள்செயல்வகை அதிகாரம் உல்கினை வேந்தனுக்குரிய பொருள்களுள் ஒன்றாக எண்ணுகிறது. புகார்த் துறையில் பண்டங்களுக்குப் புலிப்பொறி இட்டதைப் பட்டினப்பாலை காட்டுகிறது. உல்கு உள்ள இடத்தில் அதற்குத் தப்பும் முயற்சியும் தோன்றுதல் இயல்பு. விடுதலைக்குப் பின் இந்தியாவில் தங்கக் கடத்தலைத் தடுக்க எழுந்த சட்டங்களின் பொருளியல் சுமை யார்மீது விழுந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சட்டங்களின் வளர்ச்சி

1947 முதல் தங்க இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. உள்நாட்டு விலை வெளிநாட்டு விலையினும் உயர்ந்து நிற்க, அவ்வேறுபாடே கடத்துவோரின் ஆதாயமாயிற்று. 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் கடத்தலுக்குச் சிறைத்தண்டனை விதித்தது. கடத்தல் பொருள் எனக் கருதிக் கைப்பற்றப்பட்ட தங்கம் அத்தகையதன்று என மெய்ப்பிக்கும் பொறுப்பையும் அதனை வைத்திருந்தவர்மீதே சுமத்தியது. 1974ஆம் ஆண்டுச் சட்டம் விசாரணையின்றித் தடுப்புக் காவலில் வைக்கவும் இடமளித்தது.

பொற்கொல்லர் பட்ட பாடு

சீனப் போரை அடுத்து, அந்நியச் செலாவணியைக் காக்கவும் கடத்தலை ஒடுக்கவும் 1963 சனவரியில் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. புதிய நகைகள் 14 காரட்டுக்கு மேற்படக்கூடாது என்பது அவற்றுள் ஒன்று. 22 காரட்டில் தாலியும் அணிகலனும் செய்விப்பது தமிழர் வழக்கம். 24 பங்கில் 14 பங்கே பொன்னாகிய நகையை மக்கள் விரும்பவில்லை. ஆகவே, பட்டறைகளில் வேலை அற்றது. பொற்கொல்லர் பலர் தொழிலிழந்தனர். 1966இல் இவ்வரம்பு கைவிடப்பட்டது. எனினும் 1968ஆம் ஆண்டுத் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வணிகருக்கு உரிமமும் பொற்கொல்லருக்குச் சான்றிதழும் கட்டாயமாக்கியது. மறைந்து இயங்கும் கடத்தற்காரரைவிட, தெருவறிய உலை வைத்துத் தொழில் செய்தவரே சட்டத்தின் கைக்கு எளிதில் எட்டினர்.

பொருளியல் விளைவுகள்

தண்டனை கடுமையாகும்போது கடத்துவோர் அவ்விடரின் மதிப்பையும் விலையில் ஏற்றுகின்றனர். அதனை இறுதியில் நுகர்வோரே செலுத்துகின்றனர். அரசு சுங்க வருவாயை இழக்கிறது. கடத்திய தங்கத்துக்கான விலை உண்டியல் வழியே செல்வதால், காக்க எண்ணிய அந்நியச் செலாவணியும் முறைசார் வங்கிகளுக்கு வாராது போகிறது.

1990இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டது. 1992இல் வெளிநாடுவாழ் இந்தியர் தீர்வை செலுத்தி 5 கிலோ வரை தங்கம் கொணர இசைவு பெற்றனர். கடத்தல்வழி வந்த தங்கத்திற்கு இதனால் நேர்வழி ஒன்று திறந்தது. 2013இல் தீர்வை 10 விழுக்காடாகவும் 2022இல் 15 விழுக்காடாகவும் உயர்ந்தபோது கடத்தலின் ஆதாயம் மீண்டும் பெருகியது. 2024 சூலையில் தீர்வை 6 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. 100 ரூபாய் மதிப்புள்ள தங்கத்தில் தீர்வையைத் தவிர்ப்பதால் கிட்டும் ஆதாயம் இதனால் 15 ரூபாயிலிருந்து 6 ரூபாயாகச் சுருங்கியது.

முடிவுரை

கடத்தல் தண்டிக்கத்தக்க குற்றம் என்பதில் ஐயமில்லை. ஆயினும், விலை வேறுபாடு நீடிக்குமளவும் தண்டனை மட்டும் அதனை ஒழிப்பதில்லை. கடத்தலைக் குற்றமாக்குவது வேறு. கடத்தப்படும் பொருளைக் கொண்டு வாழும் தொழிலைக் கட்டுப்படுத்துவது வேறு. 1963ஆம் ஆண்டு விதிகள் இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதின. அதன் விலையைத் தந்தவர் பொற்கொல்லர். கைவினைஞர் வரலாற்றை எழுதுவோர் சட்ட வரலாற்றையும் உடன்வைத்துக் காணவேண்டும் என்பது இவ்வாய்வின் முடிபு.