பிரிம்ரோஸுக்குப் பாதி நிழல் போதும்

இங்கிலாந்தில் குளிர் முழுதாக விலகும் முன்பே, மார்ச் வாக்கில் வெளிர்மஞ்சளாய்ப் பூத்துவிடும் பிரிம்ரோஸ். இலையுதிர்க்கும் மரத்தடிதான் அதற்குத் தோதான இடம்: வசந்தத்தில் வெயில், கோடையில் நிழல். மட்கிய இலையைத் தாராளமாக மண்ணில் கலந்து, 20 செ.மீ. இடைவெளியில் நடுங்கள். ஈரம் காயக் கூடாது. தண்ணீர் தேங்கவும் கூடாது.

2, 3 ஆண்டுக்கு ஒருமுறை, பூ ஓய்ந்ததும் தூரைக் கிளப்பி வேரோடு பிரித்து நட்டால் ஒரு செடி நாலாகும். பிறகு புதுச்செடிக்குக் காசு கொடுப்பானேன்?

நீர் ஊற்றியும் செடி துவண்டால் வேரைப் பாருங்கள். வைன் வீவில் வண்டின் வெள்ளைப் புழு தின்றுகொண்டிருக்கலாம். நத்தையா? இரவில் டார்ச்சோடு போய்ப் பொறுக்குவதே என் வழக்கம்.

தொட்டியில் வளரும் ஒப்கோனிகா வகை சிலருக்குத் தோலில் அரிப்பைத் தரும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.